ச்சீ உடையப்பன் வைத்த வேலி

கீழச்சேவூரில் உடையப்பன்கள் மூன்று பேர். ஒருவர் தபால்காரர், ஒருவர் பந்தல் போடுகிறவர். மூன்றாமவரைத்தான் ஊர் 'ச்சீ உடையப்பன்' என்று சொல்லும். ஆறு ஏக்கர் நஞ்சை, இரண்டு ஏக்கர் புஞ்சை, ஓட்டு வீடு, ஊர்க் கூட்டத்தில் முன்வரிசை எல்லாம் இருந்தும் மனிதருக்கு நிலைத்த பெயர் அதுதான். சோற்றில் ஒரு முடி கிடந்தால் ச்சீ. பக்கத்தில் ஒருவன் தும்மினால் ச்சீ. கல்யாணப் பந்தியில் அடுத்த இலைக்காரன் ரசத்தை உறிஞ்சிக் குடித்தால், ச்சீ என்று சொல்லிப் பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிடுவார். அவரால் பெண் வீட்டார் இரண்டு கல்யாணங்களில் கண்ணைக் கசக்கியிருக்கிறார்கள்.

அருவருப்பை நல்ல குணம் என்று நினைத்துக்கொண்டு வாழ்ந்த மனிதர். ஊரும் கொஞ்ச காலம் அப்படித்தான் நினைத்தது. அதற்குக் காரணம் ஊருணி.

கண்டரமாணிக்கத்துக்கு மேற்கே மூன்று மைலில் இருக்கும் அந்த ஊரில் எங்கே கிணறு தோண்டினாலும் தண்ணீர் உப்புக் கரிக்கும். குடிப்பதற்கு ஊருணி ஒன்றுதான். அழகுசுந்தரம் செட்டியாரின் பாட்டனார் பர்மாவில் சம்பாதித்த காலத்தில் வெட்டி, நாலு பக்கமும் செம்புறாங்கல்லில் படி கட்டிக் கொடுத்தது. மேட்டுக்காட்டில் பெய்கிற மழை, வரத்துக்கால் வழியாக ஒன்றரை மைல் ஓடிவந்து அதில் இறங்கும். ஐப்பசியில் ஒரு தடவை நிரம்பிவிட்டால் ஆடி வரைக்கும் ஊருக்குத் தாகம் தெரியாது. கால் நனைக்கக் கூடாது, குளிக்கக் கூடாது, துணி அலசக் கூடாது, குடத்தைப் புளி போட்டுத் துலக்காமல் இறக்கக் கூடாது. இதற்கெல்லாம் காவலுக்கு ஊர் ஆள் போடவில்லை. உடையப்பன் தாமாகவே அந்த வேலையை எடுத்துக்கொண்டார். விடிந்ததும் வேப்பங்குச்சியை மென்றுகொண்டு கரையில் நிற்பார். படியிறங்கும் பெண்களின் முகத்தைப் பார்க்க மாட்டார், காலைப் பார்ப்பார்.

"காலக் கழுவுனியா? குடிக்கிற தண்ணி."

அந்தக் கரையில் அவர் வாயிலிருந்து வேறு பேச்சை யாரும் கேட்டதில்லை.

இன்னொரு கட்டும் இருந்தது. எழுதவே கூசுகிறது, ஆனாலும் இருந்ததை இல்லை என்று சொல்ல முடியாது. தெற்குத்தெருக்காரர்கள் படியில் இறங்கக் கூடாது. குடத்தைக் கரையில் வைத்துவிட்டு எட்ட நிற்க வேண்டும். மேலத்தெருப் பெண் யாராவது மனம் வந்து, தன் குடத்தால் மொண்டு, அவர்கள் குடத்தில் படாமல் உயரத்திலிருந்து ஊற்றுவாள். ஆடி மாதம் வரத்துக்காலில் இறங்கி மண்ணை வாரிச் சுத்தம் செய்வது யார் என்றால் அதே தெற்குத்தெருக்காரர்கள்தான். அதே வரத்துக்காலில் மடை திறந்து வயலுக்குத் தண்ணீர் பங்கிடும் நீர்பாய்ச்சி சின்னக்கருப்பு அந்தத் தெரு. தண்ணீர் வருகிற வழியெல்லாம் அவர்கள் கை பட்டது, வந்து சேர்ந்த பிறகு கை பட்டால் தீட்டு. தும்மலுக்குச் ச்சீ சொன்ன மனிதருக்கு இந்த அசிங்கத்துக்கு ஒரு ச்சீ சொல்லத் தோன்றவில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்திரண்டில் விவசாய ஆபீசில் ஏதோ ஒரு விதையை இலவசமாகக் கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு உடையப்பன் போய் வாங்கி வந்தார். சீமைக்கருவை. மழை வேண்டாம், உரம் வேண்டாம், எந்த மண்ணிலும் வரும், நாலே வருஷத்தில் வேலியும் ஆகும் விறகும் ஆகும் என்று அங்கே ஒருவர் சொல்லியிருக்கிறார். கேட்டதும் மனிதருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. ஊருணிக் கரையில் நாய் படுக்கிறது, ஆடு இறங்குகிறது, தெற்குத்தெருக்காரர்கள் வந்து வந்து நிற்கிறார்கள். எல்லாவற்றையும் ஒரே வேலியில் தள்ளி நிறுத்திவிடலாம் என்று கணக்குப் போட்டார்.

செட்டியார் வீட்டில் கேட்டுக் கல் சுவர் எழுப்பச் சொல்லலாமே என்றாள் மனைவி முத்தழகு. சுவரென்றால் ஏறிக் குதிப்பான், முள்ளென்றால் எவன் குதிப்பான் என்று சொல்லிவிட்டுக் கரையைச் சுற்றி இரண்டு வரிசை விதை ஊன்றினார். முதல் கோடையில் கன்று வாடக் கூடாதென்று ஊருணியிலிருந்தே தண்ணீர் எடுத்து ஊற்றினார். ஒரு நாளைக்கு முப்பது குடம். ஒரு குடத் தண்ணீருக்குத் தெற்குத்தெருப் பெண்கள் கரையில் காய்ந்துகொண்டிருந்த அதே கோடையில், குடிக்கிற தண்ணீர் முள்ளுக்குப் போனது. வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்ட கதையைக் கேட்டிருக்கிறோம். இவர் ஓணானுக்குத் தண்ணீர் காட்டி வளர்த்து விட்டுக்கொண்டவர்.

முள் நன்றாகவே வளர்ந்தது. நாலாவது வருஷம் ஊருணிக்கு ஒரே ஒரு வழிதான், ஓர் ஆள் நுழைகிற அளவுக்கு. பார்த்தவர்கள் மெச்சினார்கள். சிங்கம்புணரிச் சந்தைக்குப் போகிற வண்டிக்காரர்கள்கூட நிறுத்தி விதைக்குக் காய் பறித்துக்கொண்டு போனார்கள்.

தெற்குத்தெருக்காரர்கள் வேலிக்கு வெளியே நின்றார்கள். உள்ளே மொள்ளுகிறவர்கள் கண்ணுக்கு அவர்கள் தெரிய மாட்டார்கள். "ஆத்தா, ஒரு கொடம் ஊத்துங்க" என்று முள்ளுக்கு அந்தப் பக்கமிருந்து குரல் மட்டும் வரும். குரல்தானே, கேளாததுபோல் போய்விடுவது சுலபமாக இருந்தது. ஒரு வருஷம் அப்படி நின்று பார்த்துவிட்டு, அவர்கள் வருவதை நிறுத்திக்கொண்டார்கள். மேலே வரத்துக்கால் வளைந்து மணல் தங்குகிற இடத்தில் ஊற்றுத் தோண்டிக்கொண்டார்கள். சிரட்டையால் சுரண்டி ஒரு குடம் நிரப்ப அரை மணி நேரம் பிடிக்கும். தொல்லை விட்டது என்றார் உடையப்பன்.

அடுத்தது அவருடைய புத்திசாலித்தனம். வேலியில் மஞ்சள் மஞ்சளாகக் காய் தொங்கியது, தித்திக்கும் காய். ஆடு இலையைக் கடிக்காது, காயை விடாது. உடையப்பனுக்கு வரத்துக்காலை ஒட்டி மேட்டில் இரண்டு ஏக்கர் புஞ்சை. வருஷா வருஷம் கோடையில் அதில் ஆட்டுக்கிடை போடுவார். கமுதிப் பக்கத்துக் கிடைக்காரர் முந்நூறு ஆட்டைக் கொண்டுவந்து இரவில் புஞ்சையில் அடைத்துவைப்பார், புழுக்கையும் மூத்திரமும் நிலத்துக்கு உரம். ஆட்டெரு அவ்வருஷம், மாட்டெரு மறுவருஷம் என்று சொல்வார்களே, அந்தக் கணக்கு. ஆட்டுக்குத் தீனி அதிகம் போட்டால் எருவும் அதிகம் விழும் என்று யோசித்தவர், வேலிக்காயைக் கூட்டி அள்ளி, சாக்குச் சாக்காகக் கிடைக்கு அனுப்பினார். புழுக்கை விழுகிற நிலத்தில் கால் வைக்க மாட்டார். வரப்பில் நின்று துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு, இந்தப் பக்கம் அடை, அந்தப் பக்கம் அடை என்று கை மட்டும் காட்டுவார்.

அறுபத்தெட்டுப் புரட்டாசியில் நாலு மழை விழுந்தபின் ஒரு காலையில் சின்னக்கருப்பு ஊருணிக் கரைக்கு வந்தார். வேலிக்கு வெளியே நின்று, ஒரு சங்கதி சொல்லணும் என்றார். உடையப்பன் வழிப் பக்கம் வந்து பத்தடி தள்ளி நின்றார். சின்னக்கருப்பு கையை விரித்து நீட்டினார். உள்ளங்கையில் நனைந்து உப்பிய ஆட்டுப் புழுக்கை நாலைந்து. பிளந்த ஒன்றிலிருந்து வெள்ளையாக ஒரு முளை எட்டிப் பார்த்தது.

"அய்யா, இது நம்ம கிடைப் புழுக்கை. ஒண்ணொண்ணுலயும் கருவை மொளைக்கிது. மழையில அடிச்சுக்கிட்டு வந்து வரத்துக்கால் பூராம் கெடக்கு. இப்பப் புடுங்குனாச் சுளுவா வந்துரும். விட்டுட்டம்னா தண்ணி வராதுய்யா."

உடையப்பன் அந்தக் கையைப் பார்த்தாரா என்றால், பார்க்கவில்லை. ஆட்டுப் பீயை அள்ளி முகத்துக்கு நேரே நீட்டுகிறானே என்பது மட்டும்தான் மண்டையில் ஏறியது. அதுவும் யார் கை. "ச்சீ" என்று துண்டை எடுத்து மூக்கை மூடிக்கொண்டு இரண்டடி பின்னால் போனார்.

"தூரப் போடுறா அத. வேலிய வெட்டி வெறகாக்கலாம்னு பாக்குறியா? ஒரு முள்ளுல எவன் கை வச்சாலும் சும்மா விட மாட்டேன்."

சின்னக்கருப்பு கையை மடக்கிக்கொண்டு போய்விட்டார். அன்றைக்கு அந்த முளை, பார்த்திருந்தால் அரை அங்குலம் இருக்கும்.

அடுத்த வருஷ ஆடி வேலையிலிருந்து வரத்துக்காலில் மண் மட்டும்தான் வாரினார்கள், முள்ளைத் தொடவில்லை. தொட்டால் உடையப்பன் கூட்டம் போடுவார், அபராதம் போடுவார். தெற்குத்தெருக்காரர்கள் தங்கள் ஊற்றைச் சுற்றி முளைத்ததை மட்டும் வாரம் தவறாமல் பிடுங்கிப்போட்டார்கள். யாரும் சொல்லிச் செய்ததல்ல. சிரட்டையால் சுரண்டிக் குடிக்கிறவனுக்கு ஊற்றுக்குப் பக்கத்தில் என்ன முளைக்கிறதென்று தெரியாமல் இருக்காது.

மற்ற இடமெல்லாம் கருவை. வரத்துக்கால் ஓரம் முன்பு ஆவாரையும் நுணாவும் சங்கஞ்செடியும் கிடந்தன. முயல் ஓடும், காடை முட்டையிடும். ஒவ்வொன்றாகப் போயிற்று. கருவை நிழலில் புல்கூட முளைப்பதில்லை. பார்க்கப் பச்சை, கீழே சொறி பிடித்த மண். புஞ்சையில் உழுகிற மாட்டுக்குக் குளம்பில் முள் ஏறிப் புண்ணானது. உடையப்பன் புஞ்சையைத் தரிசாகப் போட்டார், இரண்டே மழையில் அதுவும் காடானது. ஊருணி வருஷத்துக்கு ஒரு படி, இரண்டு படி என்று குறைந்தது. அவர் மழையைத் திட்டினார். ஊரில் சுத்தம் குறைந்துவிட்டது, அதனால்தான் வருண பகவானுக்குக் கோபம் என்று கூட்டத்தில் பேசினார். வயலுக்குத் தண்ணீர் இல்லாமல் போனதும் நீர்பாய்ச்சிக்கு வேலை ஏது? சின்னக்கருப்பு மானாமதுரைப் பக்கம் கரிமூட்டம் போடுகிற கூலிக்குப் போனார். சுட்டது கருவைக் கரி. வயலுக்குத் தண்ணீர் காட்டிய மனிதர் புகையைக் குடித்து இருமிக்கொண்டு ஆறு மாதத்துக்கு ஒரு தரம் ஊருக்கு வந்துபோனார்.

எழுபத்தைந்து ஐப்பசியில் மூன்று நாள் விடாத மழை. கண்டரமாணிக்கத்தில் ஊருணி வழிகிறது என்றார்கள், கொத்தமங்கலத்தில் வழிகிறது என்றார்கள். கீழச்சேவூர் ஊருணியில் நாலு படித் தண்ணீர். உடையப்பனால் இனி மழையைத் திட்ட முடியவில்லை. நாலாம் நாள் காலையில் வரத்துக்காலோடு மேலே நடந்தார். புஞ்சையைத் தரிசாகப் போட்டபின் அந்தப் பக்கம் அவர் போனதே இல்லை.

இருநூறு கஜம்கூடப் போகவில்லை, வரத்துக்கால் எங்கே இருக்கிறதென்றே தெரியவில்லை. குறுக்கும் நெடுக்கும் முள். முள்ளில் சருகு மாட்டி, சருகில் மண் ஏறி, இடுப்புயரத்துக்கு அணை கட்டி நின்றது. அதில் சிக்கி ஊதிப்போன ஆட்டுக்குட்டி ஒன்று, செத்த நாய் ஒன்று, எந்த ஊரிலிருந்தோ வந்த கிழிந்த பாய். மேலே கறுப்பு நுரை, ஈ மொய்த்தது. ஊருக்கு வரவேண்டிய தண்ணீர் அந்த நாற்றத்தில் முட்டிப் பக்கவாட்டில் திரும்பி, களர் நிலத்தில் பரவி வீணாக நின்றது. உடையப்பன் துண்டால் மூக்கை மூடினார். ச்சீ என்று துப்பினார். துப்பியபின்தான் பக்கத்துக் கரைச் சரிவைப் பார்த்தார். மழையில் கரைந்த மண்ணில் பழைய புழுக்கைகள் கொத்தாகக் கிடந்தன. ஒவ்வொன்றிலும் இரண்டு இலை.

கிடை போட்டு வருஷக் கணக்காகிவிட்டது. இது அப்போதைய புழுக்கையோ, மேய வந்த ஆட்டின் புழுக்கையோ. எதுவானாலும் காய் எந்த வேலிக்காய் என்று அவருக்குத் தெரியும். குனிந்து ஒன்றை எடுத்தார். பிறந்ததிலிருந்து தொடாததை இரண்டு விரலால் பிட்டார். உள்ளே விதைத் தோலும் வேரும். ஏழு வருஷத்துக்கு முன் சின்னக்கருப்பு நீட்டிய உள்ளங்கை அப்போது ஞாபகம் வந்தது. அப்படியே ஈர மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

திரும்பி வந்து ஒருவரிடமும் வாய் திறக்கவில்லை. மனிதர் அப்படித்தான். கோடாலியைத் தீட்டிக்கொண்டு தனியாகப் போய் வெட்டினார். கூலிக்கு ஆள் கூப்பிட்டால் காரணம் சொல்ல வேண்டுமே. ஒரு பக்கம் வெட்டிக்கொண்டு போனால் மறுபக்கம் இருபது நாளில் அடிக்கட்டை ஒன்றுக்கு நாலு கிளை விட்டது. ஊருணியைச் சுற்றி அவர் ஊன்றிய வேலியும் அப்படியே, வெட்ட வெட்டத் தழைத்தது. மாசியில் ஒரு முள் செருப்பைத் துளைத்துக் குதிகாலில் இறங்கி உள்ளேயே ஒடிந்தது. முத்தழகு எருக்கம்பால் வைத்துப் பார்த்தாள். வீங்கிச் சீழ் பிடித்தது. சுத்தக்காரர் பாதத்திலிருந்து வீடெல்லாம் வாடை அடித்தது.

பங்குனியில் ஊருணி அடி தெரிந்தது. பச்சைச் சேறு, அதில் நெளிகிற புழு, வெயிலில் காய்ந்து ஒட்டிய தவளைத்தோல். உடையப்பன் நொண்டிக்கொண்டு விடியற்காலையில் போய் அப்போதும் கரையில் நின்றார். காவல் காக்க அங்கே இருந்தது அவ்வளவுதான். பெண்கள் இரண்டு மைல் நடந்து அடுத்த ஊருக்குப் போனார்கள். அந்த ஊரில் வெளியூர்க்காரிக்கு ஒரு குடம்தான் என்று கட்டு வைத்தார்கள்.

முத்தழகு மட்டும் தினம் இரண்டு குடம் கொண்டுவந்தாள், வெயிலேறுமுன் வந்துவிடுவாள். ஒருநாள் சொம்பைக் கவிழ்த்துக் குடித்துவிட்டு, நல்ல தண்ணி, தெளியத் தேத்தாங்கொட்டை போட்டியா என்று கேட்டார் உடையப்பன். போடவில்லை, ஊற்றுத் தண்ணீர் என்றாள். எந்த ஊற்று என்றார்.

"சின்னக்கருப்பு பொண்டாட்டி ஆயி இருக்கால்ல, அவுக ஊத்து. அஞ்சு வாரமா அதத்தான் குடிக்கிறீக."

உடையப்பன் கொல்லைக்கு ஓடினார். தொண்டைக்குள் விரலை விட்டு ஓங்கரித்தார். அஞ்சு வாரத்துத் தண்ணீர் எங்கே வரும்? எச்சில்தான் வந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு அரை நாழிகை நின்றார். முத்தழகு முதுகைத் தடவ வரவில்லை, நிலைப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். முப்பது வருஷக் குடித்தனத்தில் அவள் முகம் அப்படிச் சுளித்து அவர் கண்டதில்லை.

"ஒமட்டுதுல்ல, இனிமே ஒங்களுக்கு நான் தண்ணி கொண்டார மாட்டேன். ஒங்க தண்ணிய நீங்களே எடுத்துக்கங்க. எங்குட்டுப் போவீகளோ போங்க."

அவள் சொன்னால் சொன்னதுதான். மறுநாள் பானையில் அவருக்கென்று ஒரு சொட்டு இல்லை. மத்தியானம் வரை வீம்பாகக் கிடந்தார். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியது. வெயில் சாய்ந்தபின் ஒரு குடத்தை எடுத்துக்கொண்டு அடுத்த ஊருக்கென்றுதான் கிளம்பினார். கால் விடவில்லை. ஊர் எல்லை தாண்டியதும் கால் தானாக வரத்துக்காலோரம் ஒற்றையடிப் பாதையில் திரும்பியது.

வளைவு தாண்டியதும் ஊற்று. அங்கே மட்டும் வரத்துக்கால் வரத்துக்காலாக இருந்தது. வெள்ளை மணல், ஓரத்தில் அறுகு, இரண்டு ஆவாரஞ்செடியில் பூ. ஒரு கருவை இல்லை. பிடுங்கிப்போட்ட கன்றுகள் ஒரு பக்கம் காய்ந்து குவிந்து கிடந்தன. ஏழெட்டுப் பெண்கள் குடத்தோடு முறைக்குக் காத்திருந்தார்கள். குழிக்குள் இறங்கிச் சிரட்டையால் மொண்டுகொண்டிருந்தவள் ஆயி.

உடையப்பன் பத்தடி தள்ளி நின்றார். கேட்டுப் பழக்கம் இல்லாத மனிதர். குடத்தைக் கீழே வைத்தார். யாரும் வா என்று சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. முறை வந்தபோது குடத்தைத் தூக்கிக்கொண்டு ஊற்றை நோக்கி ஓரடி வைத்தார்.

ஆயி நிமிர்ந்தாள். முகத்தைப் பார்க்கவில்லை, காலைப் பார்த்தாள். குதிகாலில் கட்டிய துணி நனைந்து மஞ்சளாகச் சீழ் ஒழுகி மணலில் சொட்டியது. இரண்டு ஈ உட்கார்ந்திருந்தன.

"காலக் கழுவிட்டு வாங்கய்யா. குடிக்கிற தண்ணி."

குரலில் கோபம் இல்லை, கேலியும் இல்லை. யார் வந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பாள். தன் குடத்திலிருந்து ஒரு சொம்பு மொண்டு, ஊற்றுக்கு எட்ட ஒரு கல்லைக் காட்டி, உயரத்திலிருந்து ஊற்றினாள். உடையப்பன் துணியை அவிழ்த்துக் கழுவினார். அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்கப் புண் திறந்து, கறுத்த முள் முனை சீழோடு வெளியே வந்தது. வரிசையில் நின்ற ஒருத்தி ச்சீ என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அவள் சொன்னதில் தப்பில்லை. அவருக்கும் அதேதான் தோன்றியது.

ஆயி குடத்தை நிரப்பி மணலில் வைத்துவிட்டு விலகிக்கொண்டாள். அவர் தூக்கிக்கொண்டு வந்தார். வழியில் பாதி தூரத்தில் நின்று, குடத்தை வாயில் வைத்துக் குடித்தார். ஓங்கரிக்கவில்லை.

மறுநாள் வீட்டிலேயே காலைத் தேய்த்துக் கழுவிக்கொண்டு போனார். ஊற்றங்கரையில் மறுபடியும் கழுவச் சொன்னார்கள். கழுவினார்.